வேன் ஃப்ரிட்ஜுக்கு ஒரே அறை போதும்

முரளி,

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் படத்தில் இருப்பது நம் பழைய பெட்டிக்கு அண்ணன். இரண்டு அறை, இரண்டு மூடி, அதற்குத் தீனி போட இன்னொரு பேட்டரி. இரண்டாவதில் இரண்டு தனித்தனிப் பெட்டிகள். ஒன்றின் மேல் ‘அம்மா’ என்று நீயே விரலால் கிறுக்கி அனுப்பியிருக்கிறாய். மூன்றாவதில் ஒரே அறை கொண்ட ஒரு சின்னப் பெட்டி. அதன் கீழே மட்டும் நீ ஒன்றும் எழுதவில்லை. “எதுன்னு சொல்லும்மா, பத்து நாளுக்குள்ள ஆர்டர் பண்ணியாகணும்” என்று கேட்டிருந்தாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ “சரிம்மா, சரிம்மா” என்று முடித்துவிடுவாய். லேக் கார்டன்ஸிலிருந்து பவானிபூருக்கு, ஒரே ஊருக்குள் கடிதம் எழுதுகிற பைத்தியம் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். சோஹினி இங்கேதான் இருக்கிறாள். சாயங்காலம் கிளம்பும்போது அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

சமையலறைக்கு ஃப்ரிட்ஜ் வாங்குகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். லக்ஷ்மி பூஜை முடிந்ததும் நீங்கள் இருவரும் அந்த வேனில் கிளம்பப் போகிறீர்கள். ஹூக்ளி கடலில் சேரும் இடத்தில் தொடங்கி தாமிரபரணி சேரும் இடம்வரை ஒவ்வொரு முகத்துவாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது உன் பெண்டாட்டி சோஹினியின் ஆசை. சின்ன வயதில் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்து எக்ஸ்கர்ஷனுக்குக்கூட அவளை யாரும் அனுப்பியதில்லை. மற்றப் பெண்கள் போய்வந்து சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள், பூகோள டீச்சராகி, இப்போது ஒரு வருஷம் லீவு போட்டிருக்கிறாள். அவளுடைய இன்சுலின் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கப்போகிறது. வெயிலில் கிடந்தாலும் அது கெடும், உறைந்தாலும் கெடும். லேசான சூட்டில் கெடுவதற்காவது நாள் பிடிக்கும். உறைந்து கெட்டதோ வெளியே ஒன்றும் காட்டாது. பார்க்க அதே தண்ணீர், அதே குப்பி. அந்த மருந்து இல்லாமல் அவள் உடம்பு இரண்டு நாள் தாங்காது. இந்த ஆடி மாதம் வரைக்கும் இதெல்லாம் எனக்கு டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் சமாச்சாரம். இப்போது அப்படியில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை உண்டு என்பதை நீ மறக்க மாட்டாய், நான் மறக்கவும் விட்டதில்லை. பவானிபூரில் மின்சார ஆபீஸின் புகார் கவுண்டரில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவள் நான். நீ பிறப்பதற்கு முன், லோட்ஷெடிங் காலத்தில், இந்த ஊரின் கோபம் முழுவதும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். ஒரு ஜாமாய் ஷஷ்டி அன்று காலையில், மாப்பிள்ளைகளைக் கூப்பிட்டு விருந்து போடும் அந்த நாளில், வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ஒரு பையைக் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்தார். மாப்பிள்ளைக்கென்று வாங்கி வைத்து, கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜிலேயே அழுகிப்போன இலிஷ் மீன். “தீதி, ஏட்டார் தாம் கே தேபே?” இதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்று கேட்டார். பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் நின்றது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. வாடை மட்டும் இத்தனை வருஷம் மூக்கிலேயே இருந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வேலை பார்த்து, மீன்கடைப் பக்கம் மட்டும் எதிர்ச்சாரியில் நடந்தே வாழ்க்கையை ஓட்டியவள் நான்.

நம் ஆத்து ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மேல் தட்டில் பாலும் தயிரும், கீழ்த் தட்டில் சமைத்தது. சாதத்தைத் தொட்ட கை பத்து. அதை அலம்பாமல் தயிர்ப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பசியில் அப்படியே கையை விட்டால் நான் போடும் சத்தம் கீழ் ஃபிளாட் வங்காளி மாமி, நம் பௌதிக்குக்கூடக் கேட்கும். இதை நான் பக்தியால் செய்தேனா, பழக்கத்தால் செய்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை. பல் தேய்ப்பதற்கு யாராவது காரணம் கேட்பார்களா? சோஹினி வந்த பிறகும் அது அப்படியே நடந்தது. அவள் அம்மா கொடுத்தனுப்பும் மீன், பௌதியின் ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று. அவளும் அங்கேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு மேலே வந்தாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இன்சுலின் டப்பாவை மட்டும், “மா, இங்க வச்சுக்கலாமா?” என்று கேட்டு, நம் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்துக்கொண்டாள். நான் பெருமையோடு தலையாட்டினேன். மருமகளுக்கு இடம் கொடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

உன் அப்பாவின் முதல் திவசத்தன்று காலையில் அந்த டப்பாவைப் பார்த்தேன். அதைத் திறக்கிற கை முந்தின நாள் மீன் தின்ற கை என்று மனதில் ஓடியது. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இதைக் கீழ பௌதியாத்துல வச்சுடறயாம்மா?” என்று கேட்டேன். அவள் உடனே எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் நானே மறந்துவிட்டேன். அவள் மறுநாள் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாளா, இல்லை ஒரு வாரம் கழித்தா என்றுகூட எனக்குத் தெரியாது. நீயும் அன்று வாத்தியாரோடு உட்கார்ந்திருந்தாய், கவனித்திருக்க மாட்டாய்.

அப்புறம் வேன் வந்தது. உனக்கு நினைவிருக்கும், முதலில் நீ நட்சத்திரம் ஒட்டிய சின்ன வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்றாய். நான்தான் தடுத்தேன். பேட்டரியில் இருப்பது ஒரு வகைக் கரண்ட், வீட்டு ஃப்ரிட்ஜ் கேட்பது வேறு வகை. அதை மாற்றித் தருவதற்கே இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுவிடும், ஃப்ரிட்ஜ் சும்மா இருக்கும் நேரத்திலும் தின்றுகொண்டே இருக்கும். கதவு முன்பக்கம் திறப்பதால் ஒவ்வொரு தடவையும் குளிர் காலில் வழிந்து வெளியே போய்விடும். அடுத்து நீ கம்ப்ரசரே இல்லாத, லேசான, மலிவான குளிர்ப் பெட்டி ஒன்றைக் காட்டினாய். அது வெளிச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துத் தரும், அவ்வளவுதான். நம்மூர் வைகாசியில் அதில் வைத்த மருந்து வெந்நீராகிவிடும், கரண்டை மட்டும் நிற்காமல் குடிக்கும் என்றேன். இரண்டு தடவையும் நான் சொன்னது சரி. நேராக பேட்டரியிலிருந்தே ஓடுகிற, மேலே மூடி திறக்கிற, கம்ப்ரசர் உள்ள பெட்டிதான் வேண்டும் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்போதும் நீ ஒரே அறைப் பெட்டியைத்தான் காட்டினாய். நான் இரண்டு அறை வேண்டும் என்றேன். “நான் எப்பவாவது கூட வரமாட்டேனா? மீனையும் தயிரையும் ஒரே குழியில போட்டு வைப்பியா?” என்று கேட்டேன். நீ கணக்குப் போட்டுக் காட்டினாய். ஒரு பெரிய பெட்டியில் இரண்டு குளிர் என்றால் கம்ப்ரசர் ஓயாது, ஒரு பக்கத்தை உறைய விட்டால் செலவு இரட்டிப்பையும் தாண்டும், கூரையில் இருக்கிற சோலார் பேனல் மழை நாளில் அதற்கு ஈடு கொடுக்காது என்றாய். அது என் வேலை, என் கணக்கு. நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்தும், “சின்னப் பெட்டி வேனுக்குப் பத்தாதுடா” என்று கணக்கு மாதிரியே ஏதோ சொன்னேன். அன்று என் படிப்பு பேசவில்லை. பழக்கம்தான் படிப்பின் குரலில் பேசியது. சோஹினிதான் “தாக் நா, அம்மா சொல்ற மாதிரியே வாங்கு” என்று உன்னை அடக்கினாள். விட்டுவிடு என்று அவள் சொன்னது எனக்காக.

ஆடியில் வெள்ளோட்டம் பார்க்கிறோம் என்று மேதினிபூர்க் கடற்கரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்களே, அதை நீ திரும்பச் சொல்ல விடுவதே இல்லை. நான் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியில் இடது பக்கம் என் தயிரும் புளியோதரையும், வலது பக்கம் மீன். கரையில் படகிலிருந்து இறங்கிய மீனை அவள் குழந்தை மாதிரி ஓடிப்போய் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்தபோதெல்லாம் எனக்கு வாடை அடித்தது. நீங்கள் இருவரும் தண்ணீரில் காலை நனைக்கப் போயிருந்த நேரத்தில், வலது பக்கத்துப் பொத்தானை நான் அழுத்தினேன். எண் இறங்க இறங்க அழுத்திக்கொண்டே இருந்தேன். உறைந்து கல்லாகிவிட்டால் வாடை வராது என்பது என் எண்ணம். அதே பக்கத்தில், மீனுக்கு அடியில், ஒரு நீல டப்பாவில் அவளுடைய இன்சுலின் இருந்தது எனக்குத் தெரியாது.

வானம் மூடியே இருந்தது. மறுநாள் காலையில் பேட்டரி தீர்ந்து பெட்டி தானாக நின்றுவிட்டது. நீ எஞ்சினைப் போட்டு சார்ஜ் ஏற்றினாய். சோஹினி டப்பாவை எடுத்துப் பார்த்து, “கொஞ்ச நேரம் சூடாச்சுன்னா கிச்சு ஹபே நா, மா” என்றாள். ஒன்றும் ஆகாது என்று எனக்குத்தான் தைரியம் சொன்னாள். சூட்டைப் பற்றி அவள் சொன்னது சரிதான். முந்தின ராத்திரி அது உறைந்து, பெட்டி நின்றதும் இளகியிருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்று புதுக் குப்பியை ஊசிப் பேனாவில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் தாகம் என்றாள். மறுநாள் வாந்தி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய். “கண்ட மீனைத் தின்னா இப்படித்தான்” என்றேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எவ்வளவு மருந்து ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை என்பதைப் பார்த்து, “முரளி, இன்சுலின் வேலை செய்யல. பெட்டி செட்டிங்கை யாராவது மாத்தினீங்களா?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. சாவியை எடுத்தாய், வண்டியைக் கிளப்பினாய்.

ஜில்லா ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண் தெளிந்த அன்று நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தாங்கவில்லை. “ஏம்மா அதைப் போயி மீன் பக்கத்துல வச்சே? என் பக்கத்துல இடம் இருந்ததே?” என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை உன்னிடம் அவள் சொல்லியிருக்க மாட்டாள். “அது உங்க சைட், மா. அன்னிக்கு பாபாவோட திவசத்துல டப்பாவைக் கீழ வைக்கச் சொன்னீங்க இல்ல? அதான், என்னோட சாமான் எல்லாம் என் சைட்லயே வச்சுட்டேன்” என்றாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். தன் உயிர் மருந்து என் தயிருக்குப் பக்கத்தில் இருக்கத் தகாது என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருந்தாள் முரளி. ஒரு நாள் மட்டும் என்றுதான் நான் கேட்டேன். அவள் அதை எல்லா நாளுக்குமாக வைத்துக்கொண்டுவிட்டாள். யாராவது என் முகத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

அதற்குப் பிறகு நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, அத்தோடு போயிருக்கும். நீ அதைச் செய்யாமல், எங்கள் இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் இடிக்காமல் வைக்க எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாய். முதல் படமும் இரண்டாவது படமும் அந்தக் கணக்குதான். பேட்டரி பெரிதானால் அதை நிரப்பப் பேனல் பெரிதாக வேண்டும், வேனின் கூரைக்கு ஓர் அளவு இருக்கிறது. இரண்டு பெட்டி என்றால் இரண்டு கம்ப்ரசர், இரண்டும் வெளியே தள்ளுகிற சூடு அந்தச் சின்ன வேனுக்குள்ளேயே சுற்றும், அந்தச் சூட்டில் இரண்டும் இன்னும் கடினமாக ஓடும். மகாநதி முகத்துவாரத்தில் ஒரு புயல் சின்னம் வந்து நாலு நாள் வானம் மூடினால், ஆளில்லாத கரையில், கரண்ட் யாருக்கு? மருந்துக்கா, ‘அம்மா’ என்று எழுதிய காலிப் பெட்டிக்கா? வருஷத்தில் பத்து நாள் வரப்போகிற எனக்காக மீதி நாளெல்லாம் அவள் உயிரிலிருந்து கரண்டை எடுக்கப் பார்க்கிறாய். என்மேல் உனக்கு இருக்கிற பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தப் பிரியம் தப்பு.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாரமாக வேன் நம் கட்டடத்தின் கீழே சும்மா நிற்கிறதே, அது சும்மா நிற்கவில்லை. அலிப்பூரில் சோஹினியோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியிடம், நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் இருக்கும் அதே சின்னப் பெட்டி இருக்கிறதாம். இரவல் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். நீ ஆபீஸ் போன பிறகு தினமும் அவள் இங்கே வந்தாள். இருவருமாக அதை வேனில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஆடியில் வீணாய்ப் போன அதே இன்சுலினை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதை நீல டப்பாவில் போட்டு, கூடவே ஒரு சின்ன தெர்மாமீட்டரையும் போட்டு வைத்தோம். ஆனால் காலிப் பெட்டியைக் குளிர்வித்துப் பார்ப்பது பரீட்சை ஆகாது. நிஜமாகப் பிரயாணத்தில் என்னென்ன இருக்குமோ அதெல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், காய்கறி, என் தயிர். “மீனும் வேணுமே” என்றேன். அவள் தயங்கினாள். “மா, மஹாளய பட்சம் ஆச்சே? முடியட்டுமே” என்றாள். என் வீட்டுப் பஞ்சாங்கம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆர்டர் இந்த வாரம், பித்ருக்கள் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

லேக் மார்க்கெட் மீன்கடைக்கு உன் அம்மா போனாள், முரளி. தனியாக. அவள் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றேன். மூக்கைப் பொத்தவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், புடவைத் தலைப்பு வாயிலேயேதான் இருந்தது. எதிர்ச்சாரியில் நான் நடப்பதைப் பல வருஷமாகப் பார்க்கிற அந்த மீன்காரர், “மாஷிமா, ரஸ்தா புலே கேலேன் நாகி?” என்று கேட்டார். வழியை மறந்து வந்துவிட்டீர்களா என்கிறார், கிண்டல். மறந்துதான் வந்தேன், அரைக் கிலோ ரூயி கொடுங்கள் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு நல்லதாகப் பார்த்து நறுக்கித் தந்தார். வரும் வழியெல்லாம் பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஜாமாய் ஷஷ்டிக்கு வெறுங்கையோடு மாப்பிள்ளையை உட்கார வைத்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். இலிஷ் இல்லாத விருந்தை அவர் வீட்டில் எப்படிப் பரிமாறியிருப்பார்கள் என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக யோசித்தேன்.

சோஹினி மீனை மூடி போட்ட டப்பாவில் அடைத்து, பெட்டியின் ஒரு கோடியில் வைத்தாள். தயிரை மறு கோடியில். இரண்டுக்கும் நடுவே, பழக்கதோஷம், தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கிச் சுவர் எழுப்பினாள். எனக்காக எழுப்பின சுவர். நான் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்துக்குத் தள்ளினேன். நடுவில்தான் குளிர் ஒரே சீராக இருக்கும், சுவரை ஒட்டினால் உறைந்துவிடும், ஆகவே மருந்துதான் நடுவில் இருக்க வேண்டும் என்று பாடம் எடுப்பதுபோலச் சொன்னேன். அவள் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் தயிர். அவள் கை சட்டென்று தயிர்ப் பாத்திரத்தில் பட்டது. பட்டதும் விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இருக்கட்டும்டி” என்றேன்.

பெட்டி எப்படி ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய். நாலு டிகிரியில் வைத்தோம். தெர்மாமீட்டர் அதைச் சுற்றியே நின்றது, ஒரு தடவையும் எட்டைத் தாண்டவில்லை, உறையும் பக்கமும் போகவில்லை. நடுவில் இரண்டு நாள் விடாத மழை, பேனலுக்கு வெயில் என்று சொல்லக்கூடியது ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் பேட்டரியில் கால்வாசி மிச்சம் இருந்தது. பழைய பெட்டி ஒரு ராத்திரியில் நின்றது, நினைவிருக்கட்டும். இன்னும் சில விஷயம். பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகிற ஒயர் தடிமனாக, நீளம் குறைவாக இருக்கட்டும். ஒயர் மெலிசாக இருந்தால் பேட்டரியில் கரண்ட் இருந்தும் பெட்டி இல்லை என்று நினைத்து நின்றுவிடும். கம்ப்ரசர் பக்கம் ஒரு கை போகிற அளவு காற்றுக்கு இடம் விடு, அங்கே போர்வையைத் திணிக்காதே. கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டுக் கரண்டில் பெட்டியைக் குளிரவைத்து, குளிர்ந்த சாமான்களையே உள்ளே வை. பொத்தான்களைப் பூட்டி வைக்க வசதி இருக்கிறதாம், பூட்டு. யார் வந்தாலும் பூட்டு, நான் வந்தாலும். மருந்தில் ஒரு பங்கை எப்போதும் பெட்டிக்கு வெளியே, தண்ணீரில் நனைத்தால் குளிர்கிற அந்தப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷினையும் முழுசாக நம்பாதே.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். அவள் மூச்சு வாங்கின சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. போகாதீர்கள் என்று சொல்ல எத்தனை தடவை போனைக் கையில் எடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் வாழ்நாள் பூராவும் எல்லாரும் அவளிடம் பயத்தைத்தான் நீட்டியிருக்கிறார்கள். கூட நானும் ஒருத்தியாக நிற்க வேண்டாம் என்று பார்க்கிறேன். நீங்கள் போக வேண்டும். அவள் பார்க்க ஆசைப்பட்ட தண்ணீரையெல்லாம் பார்க்க வேண்டும்.

இன்று மத்தியானம் பரீட்சையின் கடைசி நாள். நேற்று புதிதாக வாங்கி மாற்றி வைத்த மீனை அவள் வேனில் இருந்த அடுப்பிலேயே சமைத்தாள். பெட்டியைத் திறந்து, மீனை எடுத்த கையாலேயே என் தயிரையும் எடுத்து நீட்டினாள். கையை அலம்ப மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன், அல்லது மறக்கவில்லையோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அந்தத் தயிரைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டேன். முதல் கவளத்தில் குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கவளத்தில் தயிர் தயிராகத்தான் இருந்தது. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை அலம்பி வைத்துவிட்டு, மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது படத்தையே ஆர்டர் பண்ணு. ‘அம்மா’ என்று எழுதின பெட்டி எனக்கு வேண்டாம். கோதாவரி முகத்துவாரத்துக்கு வரும்போது சொல்லுங்கள், ரயிலேறி வந்து சேர்ந்துகொள்கிறேன். நான் வரும் அன்று என் தயிருக்கு மீன் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைக்கச் சொல் அவளை. மருந்து நடுவிலேயே இருக்கட்டும்.

அம்மா